பேசாத பிள்ளை மக்குப் பிள்ளை இல்லை!

திருப்பூர் பனியன் கம்பெனி, சென்னையின் கட்டுமான இடங்கள், ஊர்ப்புறச் செங்கல் சூளை... பீகார், ஒடிஷா, மேற்கு வங்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வரும் பெற்றோரோடு குழந்தைகளும் வருகிறார்கள். வீட்டில் ஓயாமல் பேசும் பிள்ளை, இங்கே பள்ளியில் சேர்ந்ததும் வாயே திறப்பதில்லை.

ஏன் இந்த மௌனம்?

புது மொழிக்குள் வரும் குழந்தைகள் பலர் முதல் சில வாரங்கள், சில சமயம் மாதங்கள்கூட, கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மொழியியலில் இதற்கு 'மௌன காலம்' என்றே பெயர். விஷயம் தெரியாமல் 'மக்கு' என்று முத்திரை குத்தினால் சிக்கல் ஆரம்பம். காலையில் வயிற்றுவலி, தலைவலி, 'ஸ்கூலுக்குப் போகலை' என்று அழுகை. கடைசியில் படிப்பை விட்டுவிட்டு அப்பா அம்மாவோடு வேலைக்கே போய்விடும் அபாயமும் உண்டு.

எர்ணாகுளம் காட்டிய வழி

கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017-ல் 'ரோஷ்ணி' திட்டம் தொடங்கியது. வழக்கமான வகுப்புக்கு முன்பே, குழந்தையின் தாய்மொழி தெரிந்த தன்னார்வலர் வந்து, அந்த மொழி வழியாகவே மலையாளம் சொல்லித்தருவார். காலை உணவும் உண்டு. பாடம் ஒருபக்கம் இருக்கட்டும்... 'சாப்பிட்டியா?' என்று தன் மொழியிலேயே கேட்க ஓர் ஆள் இருப்பதுதான் பெரிய தெம்பு!

தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு தயார். அந்த நேரத்தில் கூட உட்கார்ந்து பேச ஓர் ஆள்தான் தேவை.

ஆசிரியர்கள் என்ன செய்யலாம்?

* பெயரைச் சரியாக உச்சரித்துக் கூப்பிடுங்கள். 'இந்திக்காரன்' என்ற பட்டப்பெயர் வேண்டாம்.

* அதே மொழியும் தமிழும் தெரிந்த மாணவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

* எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாமல் ஓவியம், கணக்கு, விளையாட்டில் தொடங்குங்கள்.

* பெற்றோரிடம் பேச, எப்போதும் குழந்தையையே மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள்.

* தமிழ் தெரியாது என்பதற்காக 10 வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தால் கூனிக்குறுகிவிடும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, தனிப்பயிற்சி தரச் சொல்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். வயதுச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பவும் கூடாது.

நம் வீட்டில்...

'உன் கிளாஸ்ல புதுசா வந்த பையன் யார்கூட சாப்பிடுறான்?' என்று இன்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். 'தனியா' என்று பதில் வந்தால், நாளைக்கு டிபன் பாக்ஸில் இன்னும் ஓர் இட்லி சேர்த்து வையுங்கள்!