வீட்டில் சோப்பு செய்யத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் தேங்காய்க்கும் வேப்பமுத்துக்கும் பஞ்சமில்லை. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெரியாறு அணையின் நீர் பாயும் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரங்களில் வயல்களை அடுத்துத் தென்னந்தோப்புகள் மலிந்துள்ளன. ஆனி, ஆடி மாதங்களில் உதிரும் வேப்பம்பழமோ பொறுக்குவாரின்றி மண்ணோடு போவதும் உண்டு. இவ்விரண்டின் எண்ணெயும் சோப்புக்கு ஏற்றவையே.

1956ஆம் ஆண்டின் கதர் கிராமத் தொழில் கமிஷன் சட்டம் வரிசைப்படுத்திய கிராமத் தொழில்களுள் குடிசைச் சோப்புத் தொழிலும் ஒன்றாகும். ஆயினும், எடுத்த எடுப்பிலேயே தொழிலாகத் தொடங்குவதை விட, ஓய்வு நேரப் பழக்கமாகச் சில மாதங்கள் செய்து பார்ப்பதே நன்று என்பது நமது கருத்து. அரைக் கிலோ எண்ணெய் கெட்டுப் போனால் தாங்கிக் கொள்ளலாம்; கடன் வாங்கி இயந்திரம் வைத்த பின் வரும் நஷ்டம் அத்தகையதன்று.

எண்ணெயும் காரமும் கூடிச் சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. துணி வெளுப்போர் முற்காலத்தில் பயன்படுத்திய உவர்மண்ணிலும் காரமே வேலை செய்தது. இன்று நாம் பயன்படுத்துவது காஸ்டிக் சோடா. எண்ணெய்க்கு எண்ணெய் அதன் அளவு வேறுபடும். 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு 18 கிராமுக்குச் சற்று மேலாகவும், அதே அளவு வேப்பெண்ணெய்க்கு ஏறக்குறைய 14 கிராமும் தேவை. ஆகவே படியாலும் கரண்டியாலும் அளப்பது பயன் தராது. கிராம் கணக்கில் காட்டும் தராசு இன்றி இவ்வேலையில் இறங்கவே கூடாது.

முதல் முறைக்கு 400 கிராம் தேங்காயெண்ணெயும் 100 கிராம் வேப்பெண்ணெயும் போதும். இவை முழுவதும் சோப்பாக மாற 87 கிராம் சோடா வேண்டும். நாமோ 80 கிராம் மட்டுமே சேர்க்கிறோம். மிஞ்சும் சிறிதளவு எண்ணெய் தோலைக் காக்கும். எரிச்சலூட்டும் காரமும் மிஞ்சாது.

190 கிராம் தண்ணீரை எவர்சில்வர் பாத்திரத்தில் எடுத்து, சோடாவைச் சிறிது சிறிதாக அதில் இட்டுக் கலக்க வேண்டும். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து, தீப்பற்றக் கூடிய வாயுவை வெளியிடும்; ஆகவே அது அறவே கூடாது. காற்றோட்டமான இடம், கையுறை, கண்ணாடி ஆகிய மூன்றும் அவசியம்.

கரைசல் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதைப் பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் தொட்டு அறிந்து, அதே சூட்டிலுள்ள எண்ணெயில் மெல்ல ஊற்றி மரக்கோலால் கிண்ட வேண்டும். இதற்குப் பொறுமை தேவை. ஒரு மணி நேரமும் ஆகலாம். கோலிலிருந்து சொட்டும் குழம்பு மேற்பரப்பில் கோடாகச் சற்று நேரம் நின்றால் பதம் வந்துவிட்டது. காகிதம் விரித்த மரப்பெட்டியில் ஊற்றிச் சாக்கால் மூடுக. தேங்காயெண்ணெய் மிகுந்த சோப்பு விரைவில் இறுகுமாதலால் மறுநாளே துண்டு போட்டு, நிழலில் நான்கு முதல் ஆறு வாரம் காயவிட வேண்டும். போடி ஏலக்காயைப் பொடித்துச் சேர்க்கச் சிலர் விரும்புவர். காரத்தில் அந்த வாசனை நிலைப்பது அரிது. ஏலம் பாயசத்திற்கே இருக்கட்டும். வேப்பெண்ணெயின் நெடியைப் பழகிக் கொள்வதே வழி.

உப்புக் கிணற்று நீரிலும் தேங்காயெண்ணெய்ச் சோப்பு ஓரளவு நுரைக்கும்.

மகளிர் குழுவினருக்குப் பயிற்சி ஏற்பாடு செய்யும் பஞ்சாயத்து உறுப்பினர்கள் ஒன்றில் மிகக் கண்டிப்பாக இருத்தல் வேண்டும். சோடாவையோ அதன் கரைசலையோ குடிநீர்ப் பாட்டிலிலும் டம்ளரிலும் வைக்கலாகாது. பெயர் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். தண்ணீரென்று எண்ணிக் குழந்தை ஒரு வாய் விழுங்கினாலும் உணவுக்குழாய் வெந்து, பின்னர் சுருங்கிப் போகும். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. கண்ணில் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடமேனும் கழுவி, பின் மருத்துவரிடம் காட்டுக. எலுமிச்சைச் சாறு முதலியன வேண்டா.

வீட்டு உபயோகத்திற்குச் செய்வதற்கு உரிமம் தேவையில்லை. குளியல் சோப்பை விற்பனைக்குச் செய்வதாயின், அது சட்டப்படி அழகுசாதனப் பொருளாதலால், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் பெற வேண்டும். தொழில் தொடங்குவது பற்றிய விவரங்களைத் தேனியிலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம்.