காரை முதல் நின்னியூர் வரை: ஒரு கப்பல் பயணம்

உலகத்திலேயே நீளமான கப்பல் பயணம் எது தெரியுமா? சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் நாலு மாதத்தில் உலகைச் சுற்றிக் காட்டுவதாக விளம்பரம் செய்கின்றன. நான் சொல்லும் கப்பல் கிளம்பி 13 கோடி ஆண்டு ஆகிறது. இன்னும் நின்றபாடில்லை. அதன் மேல்தளத்தில் உட்கார்ந்துதான் இந்தப் பக்கத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கப்பலின் பெயர் இந்தியா. ஒரு காலத்தில் அது ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு, கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாகக் கிடந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா பக்கத்திலிருந்து பிய்த்துக்கொண்டு புறப்பட்டது. மடகாஸ்கரும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் அது நடுவழியில் இறங்கிக்கொண்டது. செஷல்ஸ் தீவுகள் இன்னும் கொஞ்ச தூரம் வந்து பிறகு இறங்கின.

இயந்திரம் எங்கே என்று கேட்பீர்கள். இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவே டெதிஸ் என்ற கடல் இருந்தது. அதன் கனத்த தரை ஆசியாவுக்கு அடியில் சாய்ந்து பூமிக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்க இறங்க, பின்னால் ஒட்டியிருந்த இந்தியாவையும் இழுத்துக்கொண்டு போனது. வேகம் அதிகமாக இருந்த காலத்தில் வருடத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல். சிரிக்காதீர்கள்! பத்து லட்சம் ஆண்டில் 150 கிலோமீட்டர் ஆகிறதே. கண்டங்களின் கணக்கில் அது தலைதெறிக்கிற ஓட்டம்.

இந்தக் கப்பலில் ஒரு வேடிக்கை. பிய்த்துக்கொண்டு கிளம்பியபோது அதன் கிழக்கு ஓரம் அங்கங்கே விரிசல் விட்டுத் தாழ்ந்துபோனது. உலகம் அப்போது நல்ல வெப்பமாக இருந்தது. துருவங்களில் இன்றைக்கு இருப்பதுபோலப் பெரிய பனிப்பாளம் இல்லாததால் கடல்மட்டம் மிக உயர்ந்திருந்தது. தாழ்ந்த ஓரத்தின் வழியாகக் கடல் மேல்தளத்துக்கே ஏறி வந்துவிட்டது. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் பெரும்பகுதியும் பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் அந்தக் கடலுக்கு அடியில்தான் கிடந்தன. கப்பலுக்குள் தண்ணீர் புகுந்தால் பயணிகள் அலறுவார்கள். இங்கே தண்ணீரோடு சேர்ந்துதான் பயணிகளே ஏறினார்கள்.

இன்று அரியலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே 80, 90 கிலோமீட்டராவது போக வேண்டும். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்துக்குக் கப்பற்படை அனுப்பினான் அல்லவா? அவன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இதே அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. படைவீரர்கள் கப்பல் ஏறுவதற்குக் கடற்கரை வரை நடக்க வேண்டியிருந்தது. ஏழு கோடி ஆண்டு முன்னால் பிறந்திருந்தால் இவ்வளவு தூரம் நடந்திருக்க வேண்டாம்!

சரி, நாம் ஏறுவோம். பெரம்பலூர்ப் பேருந்து நிலையமே நமக்குத் துறைமுகம். அந்த ஊரும் அதற்கு வடமேற்கே தெரியும் பச்சைமலையும் மிகப் பழைய கடினப் பாறையின் மேல் இருக்கின்றன. கடல் வந்த காலத்தில் அது தரை. அங்கிருந்து தெற்கே ஆலத்தூர்ப் பக்கம் போனால், ஓரிடத்தில் பழைய கரையைத் தாண்டிக் கடலின் அடித்தரைக்குள் நுழைந்துவிடுவோம். பலகை எதுவும் இருக்காது. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும்தான் வரிசையாக நிற்கும். கடலடிப் படிவுகள் இங்கே கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. மேற்கே இருப்பது பழையது, கிழக்கே போகப் போகப் புதியது. அதனால் பேருந்து கிழக்கே ஓட ஓடக் காலமும் முன்னோக்கி ஓடுகிறது. பேருந்தில் போகும் மற்றவர்களுக்கு இது தெரியாது. சொல்லிப் பாருங்கள், ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

முதல் நிறுத்தம் காரை. வயது சுமார் 10 கோடி ஆண்டு.

ஊருக்கு வெளியே மரம் இல்லை, புல் இல்லை. மழை அறுத்த ஓடைகளும் மொட்டைக் களிமண் மேடுகளுமாக, நிலாவில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றும் இடம். வெயிலில் அங்கங்கே கண்ணாடித் துண்டுகள் மாதிரி ஏதோ பளபளக்கும். அது ஜிப்சம் என்ற தாது. களிமண்ணின் வெடிப்புகளில் பிற்பாடு படிந்து வளர்ந்தது. கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்: சிமெண்டில் தண்ணீர் ஊற்றியதும் சட்டென்று இறுகிவிடாமல் இருப்பதற்காக ஆலையிலேயே கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்திருப்பார்கள்.

இந்தக் களிமண்தான் கப்பலின் முதல் வகுப்பு. பயணிகளில் முக்கியமானவர் அம்மோனைட். சுருண்ட ஓட்டைப் பார்த்து நத்தை என்று நினைத்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். அவருக்குக் கணவாயும் ஆக்டோபசும்தான் சொந்தம். ஓட்டுக்குள் வரிசையாக அறைகள். வாசல் பக்கத்துக் கடைசி அறையில் மட்டும் அவர் குடியிருப்பார். வளர வளர முன்னால் ஒரு புது அறை கட்டிக்கொண்டு, பழையதைப் பின்னால் சுவர் வைத்து மூடிவிடுவார். மூடிய அறைகளில் காற்று நிறைந்திருக்கும். அறைகளை ஊடுருவிப் போகும் ஒரு மெல்லிய குழாய் அவற்றிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்துவிடும். ஓடு எவ்வளவு கனத்தாலும் கடலடியில் விழாமல் மிதப்பதற்கு இதுதான் ஏற்பாடு.

உங்கள் வீட்டுப் பூசை அறையில் சாளக்கிராமம் இருக்கிறதா? நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அந்தக் கருங்கல்லுக்குள் சக்கரம் தெரியும். அந்தச் சக்கரம் அம்மோனைட்டின் ஓடு. டெதிஸ் கடலில் வாழ்ந்தவர் அவர், காரைக்காரருக்குத் தூரத்து உறவு. ஒருவர் வெள்ளிப் பெட்டியில் துளசியோடு இருக்கிறார், இன்னொருவர் ஓடையில் வெயில் காய்கிறார்.

எல்லா அம்மோனைட்டும் ஒழுங்காகச் சுருண்டவை என்றும் நினைக்காதீர்கள். காரையில் டர்ரிலைட்டிஸ் என்று ஒரு வகை உண்டு. மேல்நோக்கி முறுக்கிக்கொண்டே போகும் கோபுர ஓடு. இதை வைத்துக்கொண்டு எப்படி நீந்தியது என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அது நீந்தாமல் சும்மா மிதந்து திரிந்திருக்கும் என்பதே என் கட்சி. இன்னொரு பயணி பெலம்னைட், கணவாய்க்கு நெருங்கிய சொந்தம். அதன் உடலின் பின்பகுதிக்குள் தோட்டா வடிவில் ஒரு கெட்டியான கல் இருந்தது. உடல் அழிந்துபோக அந்தத் தோட்டா மட்டும் மிஞ்சியது. காரையில் குனிந்து தேடினால் முதலில் கண்ணில் படுவது அநேகமாக அதுதான்.

விருந்தாளிகள் இருந்தால் அவர்களைத் தின்பவர்களும் இருக்க வேண்டுமே! டைக்கோடஸ் என்ற சுறாவின் பற்கள் காரையில் கிடைத்திருக்கின்றன. கூர்மையே இல்லாத தட்டைப் பற்கள், மேலே வரிவரியாக மேடு. ஓடுகளை நொறுக்கித் தின்பதற்கென்றே அமைந்தவை. சங்குக்கும் சிப்பிக்கும் அந்தக் கப்பலில் நிம்மதியான தூக்கம் இருந்திருக்காது. இக்தியோசர் என்ற கடல் ஊர்வனவும் இருந்தது. மீன் உருவம்தான், ஆனால் மேலே வந்து மூச்சுவிடும், குட்டி போடும். இந்தப் பகுதியில் கிடைத்த அதன் முதுகெலும்புகளை வைத்து 1879இல் ரிச்சர்டு லைடெக்கர் ஒரு புது இனத்துக்கு இந்தியாவின் பெயரையே சூட்டினார். பாவம், உலகம் முழுக்க இக்தியோசர்கள் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டன. நம் பயணிகள் அந்தக் குலத்தின் கடைசித் தலைமுறைகள்.

பயணிகள் பட்டியல் ஒன்று வேண்டாமா? அதை எழுதியவர்களில் முக்கியமானவர் ஃபெர்டினாண்ட் ஸ்டாலிச்கா. இன்றைய செக் நாட்டின் மொராவியாவில் பிறந்து, 1862இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலைக்கு வந்தவர். நம் பகுதியின் சங்குகள், சிப்பிகள், அம்மோனைட்டுகள் என்று ஒவ்வொன்றையும் படம் வரைய வைத்துப் பெயர் கொடுத்து, தடித் தடிப் புத்தகங்களாக்கினார். 1874இல் லடாக்கில் ஒரு நீண்ட பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்தார். கல்லறை லே நகரில் இருக்கிறது. இந்தியக் கப்பலின் முன்முனை ஆசியாவில் முட்டிய பகுதி அது.

அடுத்த நிறுத்தம் சாத்தனூர். இங்கே படுத்திருப்பவர் கடல்வாசி இல்லை, மரம். 18 மீட்டர் நீளத்துக்கு அடிமரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து உலகத்துக்குச் சொன்னார். கரையில் நின்ற மரம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து, கடலில் மூழ்கி, மணலிலும் சேற்றிலும் புதைந்தது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணிய அறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது. பயணச்சீட்டு இல்லாமல் ஏறியவருக்கு இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுக் காவல் காக்கிறது!

இப்போது குன்னம். 2020இல் இங்கே ஒரு குளத்தை ஆழப்படுத்தியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிப்பட்டன. "டைனோசர் முட்டை!" என்று செய்தி பறந்தது. கூட்டம் கூடியது, செல்ஃபிகள் எடுத்தார்கள். புவியியல் அறிந்தவர்கள் வந்து பார்த்து, முட்டை இல்லை, அம்மோனைட் காலத்துக் கடல் வண்டல் திரண்ட உருண்டைகள் என்றார்கள். எப்படித் திரளும்? செத்த உயிர் ஒன்று சேற்றில் புதைந்து அழுகும்போது சுற்றியுள்ள நீரின் வேதியியல் மாறும். அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து அந்த இடத்தைச் சுற்றியே படிந்து, சேற்றைப் பிடித்து இறுக்கும். நாலா பக்கமும் சமமாக இறுகினால் உருண்டை. பலருக்கு ஏமாற்றமாம். எனக்கென்னவோ முட்டையைவிட இதுதான் சுவாரசியம். கூடு கட்ட ஆளே இல்லாமல் சேறு தானாகவே உருண்டை பிடித்திருக்கிறதே!

அரியலூரை நெருங்கினால் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அந்த ஊரின் பெயரையே ஒரு பாறை அடுக்குக்கும் வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் ஆழம் குறைந்து, கிரைஃபியா என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தன. செத்தவற்றின் மேலேயே அடுத்த தலைமுறை குடியேறியது. மூன்றாம் வகுப்பு நெரிசல்! அந்த ஓடுகள் சேர்ந்த சுண்ணாம்புக்கல்லைத்தான் வெட்டியெடுத்து, களிமண் சேர்த்து, 1,450 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி சிமெண்டு செய்கிறார்கள். அரியலூரைச் சுற்றி இத்தனை சிமெண்டு ஆலைகள் வந்ததற்கு அந்தச் சிப்பிகளே காரணம். தமிழ்நாடு அரசின் சிமெண்டு ஆலையும் இங்கே உண்டு. உங்கள் பள்ளிக்கூடச் சுவரில்கூடச் சில கிரைஃபியாக்கள் நின்றுகொண்டே பயணம் செய்யலாம்.

கடல் மெல்லப் பின்வாங்க, கல்லமேட்டில் ஆறும் கழிமுகமும் வந்தன. மெய்யான டைனோசர் இங்கேதான். 1987இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் ஒரு பிரம்மாண்ட விலங்கின் எலும்புகளை விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! உலகின் மிகப் பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் எலும்புகள் ரொம்பப் பொலபொலத்தவை, பிற்பாடு நொறுங்கியே போய்விட்டன. படங்கள் மட்டும்தான் மிச்சம். அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. குன்னத்தில் கல் முட்டையானது, இங்கே எலும்பு மரமாகப் பார்த்தது.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பயணத்திலேயே மோசமான நாள். மெக்சிகோ பக்கத்தில் ஒரு விண்கல் விழுந்தது. அதே காலகட்டத்தில் நம் கப்பலின் மேற்குத் தளத்தில் தக்காண எரிமலைகள் குழம்பைக் கொட்டிக்கொண்டிருந்தன. அம்மோனைட்டுகள் கூண்டோடு போயின, பறவைகள் தவிர்த்த டைனோசர்களும் போயின. அதற்கு அடுத்து வந்த கடலின் படிவு செந்துறைப் பக்கத்து நின்னியூரில் இருக்கிறது. அதில் அம்மோனைட் கிடையாது. ஆனால் அதன் உறவினரான நாட்டிலஸ் குடும்பத்து ஓடுகள் இருக்கின்றன! ஒரே மாதிரி அறைகள், ஒரே மாதிரி மிதப்பு. ஒருவர் தப்பித்தது எப்படி? அம்மோனைட்டின் குஞ்சுகள் மிகச் சிறியவை, கடலின் மேல்மட்டத்தில் நுண்ணுயிர்களோடு மிதந்து வளர்ந்தவை. மேல்மட்டம் கெட்டதும் அவை பிழைக்க வழியில்லை. நாட்டிலஸ் பெரிய முட்டை இடும், ஆழத்தில் திரியும், கிடைத்ததைத் தின்னும். இது ஒரு விளக்கம். நாட்டிலஸ் இன்றும் பசிபிக் கடலில் உயிரோடு இருக்கிறது.

பிறகு, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கப்பல் ஆசியாவில் முட்டியது. இமயமலை எழுந்தது. முட்டிய பிறகும் வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டேதான் இருக்கிறோம்.

நேரில் பார்க்க ஆசையா? அரியலூருக்குப் பக்கத்தில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே முகங்களைப் பழகிக்கொண்டு, ஆசிரியரோடு காரைக்குப் போங்கள். நிழலே கிடையாது. தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விட வேண்டும். எதையாவது கண்டால் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அந்தப் பயணி எப்போது ஏறினார் என்றே சொல்ல முடியாது. மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது. ஒவ்வொரு மழையும் களிமண்ணைக் கரைத்துப் புதிதாகச் சிலரை மேலே கொண்டுவந்து விட்டிருக்கும்.