மூன்றடி முன்னே, இரண்டடி பின்னே

2003-இல் சென்னை வேளச்சேரி மெயின் ரோட்டில், குறுகிய மாடிப்படி ஏறிப் போகும் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பன்னிரண்டு கணினிகள், மணிக்கு 20 ரூபாய். பிளைவுட் தடுப்புக்குள் ஒருவர் தேர்வு முடிவு பார்ப்பார். இன்னொருவர் அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு யாஹூவில் கடிதம் அடிப்பார். மாலை ஆறு மணிக்கு மேல் எட்டுக் கணினிகள் எங்களுடையவை. கவுன்டர் ஸ்டிரைக் ஆட்டத்தில் நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம். டேப் விசையை அழுத்தினால் பெயர்ப்பட்டியல் வரும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பிங் என்று ஓர் எண்; நாம் அனுப்பிய செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம். எட்டுப் பேருக்கும் அது 5 மில்லிசெகண்டை ஒட்டியே நிற்கும்.

இன்று அதே வேளச்சேரியில் என் அக்கா மகன் 300 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் விளையாடுகிறான். அவனுடைய பிங் நல்ல நாளில் 40, கெட்ட நாளில் 400. “மாமா, ரப்பர் பேண்ட் அடிக்குது” என்று இரவு ஒன்பது மணிக்கு போன் செய்கிறான். ரப்பர் பேண்ட் என்று அவன் சொல்வது, திரையில் அவனுடைய ஆள் மூன்றடி முன்னே ஓடி, யாரோ முதுகில் கட்டிய ரப்பரைச் சுண்டி இழுத்தது போல் இரண்டடி பின்னே வந்து விழுவதை.

வேகக் கணக்கைப் பார்த்தால் இது விந்தை. 2004-இல் வந்த மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதை பிராட்பேண்ட் என்றது. 2013-இல் அந்த வரம்பு 512 ஆனது. 2023-இல் 2 எம்பிபிஎஸ். அந்த முதல் வரம்போடு ஒப்பிட்டால் என் அக்கா மகன் வீட்டு இணைப்பு ஆயிரம் மடங்குக்கும் மேல் அகலம். பிங் மட்டும் எட்டு மடங்கு மோசம். காரணம் எளிது. எங்கள் சர்வர் அதே அறையில், ஒன்றாம் நம்பர் கணினியில் இருந்தது. அவனுடைய சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது.

எங்களுக்கும் ஆட்டம் திக்கும். ஆனால் அன்றைய கோளாறுக்கு ஒரு முகவரி இருந்தது. எட்டுத் திரைகளும் ஒரே நேரத்தில் உறைந்தால் கோளாறு ஒன்றாம் நம்பர் கணினியில். ஒருவனுக்கு மட்டும் திக்கினால் அவனுடைய வயரில். சென்டர் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, மேசைக்கடியில் குனிந்து, ஜாக்கை அசைத்துப் பார்ப்பார். பிடிப்பு விட்டிருந்தால் வயரின் நுனியை வெட்டி, எட்டுக் கம்பிகளையும் வரிசைப்படுத்தி, கிரிம்பிங் கருவியால் புது ஜாக்கை அழுத்திப் பொருத்துவார். ஐந்து நிமிட வேலை. சில நாள் ஏழாம் நம்பர்க்காரர் ஒரு முழுப் படத்தை இன்னொரு கணினிக்கு காப்பி செய்துகொண்டிருப்பார். அப்போது அங்கே இருந்தது பழைய ஹப். பத்து எம்பிபிஎஸ் பாதையை அத்தனை கணினிகளும் பங்குபோட வேண்டும். “ஏழாம் நம்பர், காப்பிய நிறுத்துப்பா!” என்று ஒரு குரல் கொடுத்தால் ஆட்டம் சரியாகிவிடும். பிறகு அண்ணன் ஹப்பை எடுத்துவிட்டு ஸ்விட்ச் வாங்கி மாட்டினார். அந்தக் குரலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

வீட்டிலிருந்து வெளியூர்க்காரர்களோடு ஆடுவது வேறு கதை. டயல் அப் மோடத்தில் பிங் 300-க்குக் கீழே இறங்கினால் அது நல்ல சகுனம். மழை பெய்தால் தொலைபேசியின் செப்புக் கம்பியில் இரைச்சல் ஏறும், இணைப்பு அறும். 2005-இல் பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்த பிறகு கம்பி அதேதான், போன் குரலையும் நெட்டையும் பிரிக்கக் கூட ஒரு ஸ்ப்ளிட்டர் வேண்டும். அது சரியாக மாட்டப்படாத வீட்டில் போன் மணி அடித்தாலே நெட் போகும். மாதக் கணக்கில் இத்தனை எம்பி என்று அளவு உண்டு. விடியற்காலை இரண்டு மணி முதல் எட்டு மணி வரை கணக்கில்லை என்ற திட்டத்துக்காக அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. லைன்மேன் வந்து பார்த்து, “எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஓகே சார்” என்பார். அவருக்குத் தெரிந்த தூரம் அவ்வளவு.

ஆட்டங்களும் மாறிவிட்டன. கவுன்டர் ஸ்டிரைக்கில் ஒரு சுற்று சில நிமிடங்கள். லேக், அதாவது தாமதம், அடித்துச் செத்தாலும் அடுத்த சுற்றில் புதுப் பிறவி. இன்று என் அக்கா மகன் ஆடுவது பிழைத்திருக்கும் ஆட்டங்கள். 2009-இல் முதலில் வெளியாகி 2011-இல் முழு வடிவம் பெற்ற மைன்கிராஃப்ட், 2021-இல் சுவீடனிலிருந்து வந்த வால்ஹைம். மரம் வெட்ட வேண்டும், சுரங்கம் தோண்ட வேண்டும், வீடு கட்ட வேண்டும். நாம் தூங்கினாலும் அந்த உலகம் சர்வரில் அப்படியே இருக்கும். மைன்கிராஃப்டில் செத்தால் கையிலிருந்த பொருளெல்லாம் அதே இடத்தில் சிதறும். ஐந்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் மறைந்துவிடும். மூன்று மணி நேரம் தோண்டிச் சேர்த்த வைரம் ஒரு ரப்பர் இழுப்பில் எரிமலைக் குழம்புக்குள் போகும். அன்று லேக் எங்களிடமிருந்து ஒரு சுற்றைத்தான் பறித்தது. இன்று ஒரு மாலைப் பொழுதின் உழைப்பையே பறிக்கிறது.

இந்த ரப்பர் இழுப்பே டயல் அப் காலத்தின் பிள்ளை. தொடக்க கால இணைய ஆட்டங்களில் விசையை அழுத்தினால், செய்தி சர்வருக்குப் போய் அனுமதி வாங்கி வரும் வரை ஆள் நகரமாட்டான். 1996-இல் குவேக்வேர்ல்டு ஆட்டத்தில் ஜான் கார்மாக் ஒரு வழி செய்தார்: சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் நம் கணினியே உத்தேசமாக ஆளை நகர்த்திக் காட்டட்டும், பதில் வந்ததும் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளட்டும். மோடம் வைத்திருந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். இன்றைய ஆட்டங்கள் பெரும்பாலும் இதே வழியில்தான் ஓடுகின்றன. உத்தேசமும் உண்மையும் ஒத்துப்போகும் வரை தாமதம் கண்ணுக்குத் தெரியாது. வழியில் சில செய்திப் பொட்டலங்கள் தொலைந்தாலோ, ஒன்று 40 மில்லிசெகண்டிலும் அடுத்தது 300-லும் வந்தாலோ சர்வர் கணக்கைத் திருத்துகிறது. ஆள் பின்னே வந்து விழுகிறான். அன்று தாமதம் காத்திருக்க வைத்தது. இன்று ஓடவிட்டு இழுக்கிறது.

அந்த ஒன்பது மணி போனுக்குப் பிறகு ஒருநாள் நேரில் போய் உட்கார்ந்தேன். சென்டர் அண்ணன் மேசைக்கடியில் குனிந்தது போல் குனிய இங்கே இடமில்லை. கணினியில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, முதலில் வீட்டு ரவுட்டருக்கே பிங் போட்டோம். இரண்டு மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் நடுநடுவே 180 ஆயிற்று. அப்படியானால் சிங்கப்பூரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, கோளாறு பத்தடிக்குள். அவனுடைய போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் இருபதுக்கும் மேல் பெயர்கள். இதில் வேளச்சேரியின் வரலாறே இருக்கிறது. 2003-இல் அங்கே ரயில் இல்லை. பறக்கும் ரயில் 2007-இல் வந்தது. ஃபீனிக்ஸ் மால் 2013-இல். தனி வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தன. சுவருக்குச் சுவர் ரவுட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத பாதைகள் 1, 6, 11 என்று மூன்றே. அந்த மூன்றில் இருபது வீடு. பழைய ஹப்பின் நெரிசல்தான், இப்போது சுவர்களைத் தாண்டி நடக்கிறது. ஆனால் ஏழாம் நம்பர்க்காரரிடம் சொன்னது போல் மூன்றாம் மாடிக்காரரிடம் யாரும் குரல் கொடுக்க முடியாது. அவர் யாரென்றே நமக்குத் தெரியாது. பதினைந்து மீட்டர் லேன் வயர் வாங்கி ரவுட்டரிலிருந்து நேரே கணினிக்கு இழுத்தோம். 180 மறைந்தது.

பாதி தீர்ந்தது. மீதி, அக்காவின் போன். அவள் வேலையிலிருந்து வந்து வைஃபையில் சேர்ந்ததும் அன்றைய படங்களும் வீடியோக்களும் தாமாக மேலே ஏறத் தொடங்கும். ரவுட்டர் அவற்றை வரிசையில் நிறுத்தும். ஆட்டத்தின் சின்னப் பொட்டலமும் அதே வரிசையின் கடைசியில் போய் நிற்கும். ரேஷன் கடை வரிசையில் ஒருவர் ஒரு கிலோ சர்க்கரைக்காகவும் மற்றவர் பத்து மூட்டை அரிசிக்காகவும் நிற்பது போல. பெரும்பாலான ஆட்டங்களுக்கு ஒரு எம்பிபிஎஸ் வேகமே தாராளம். அவற்றுக்கு வேண்டியது அகலமான சாலையை விட, நிற்காமல் போக ஒரு வழி. ரவுட்டரின் அமைப்பில் சிறு பொட்டலங்களுக்கு முன்னுரிமை கொடுத்தோம். படங்கள் ஏறும் நேரத்தையும் நள்ளிரவுக்கு மாற்றினோம்.

பிறகும் சில இரவுகளில் இழுக்கிறது. அப்போது கேள்வி வீட்டை விட்டு வெளியே போகிறது. எல்லோருக்கும் இழுக்கிறதா, உனக்கு மட்டுமா? பழைய கேள்விதான். அன்று தலையைத் திருப்பினால் பதில் தெரியும்; இன்று ஹெட்செட்டில் கேட்க வேண்டும். எல்லோருக்கும் என்றால் சர்வர். மைன்கிராஃப்ட் சர்வர் ஒரு வினாடியில் உலகத்தை இருபது முறை கணக்கிட வேண்டும்; ஒரு கணக்குக்கு 50 மில்லிசெகண்ட். யாரோ இருநூறு கோழிகளை ஒரே பட்டியில் அடைத்து வைத்தால் அது 80 ஆகும். இருபது முறை பன்னிரண்டாகக் குறையும். சர்வரின் பதிவேட்டில் ‘கேன்ட் கீப் அப்’ என்று ஒரு வரி விழும். வால்ஹைமின் கதை இன்னும் நுட்பமானது. ஓர் இடத்தில் முதலில் காலெடுத்து வைத்தவருடைய கணினியே அந்த இடத்து மிருகங்களின் கணக்கைப் பார்க்கிறது. டொரன்டோவில் இருக்கும் அத்தை மகள் முதலில் காட்டுக்குள் போனால், வேளச்சேரியில் இவன் வீசும் கோடாரி டொரன்டோ போய்த்தான் பூதத்தின் மேல் விழும். “நீ முன்னாடி போகாதடி, நான் போறேன்” என்று அவன் கத்துவது வீரத்துக்காக அல்ல.

அவனுக்கு மட்டும் இழுத்தால், வீட்டுக்கும் சர்வருக்கும் நடுவில் உள்ள வழி. மாடியிலிருந்து மாடிக்கு, மரத்திலிருந்து கம்பத்துக்குத் தொங்கும் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கலாம். ஒளியிழைக்கு மழை இரைச்சல் இல்லை. ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரித் தெருக்களில் படகு ஓடியபோது, மின்சாரம் போன வீட்டில் செம்பானால் என்ன, கண்ணாடியானால் என்ன. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால் வேகப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள், 300 காட்டுகிறது, “எங்க சைடு ஓகே சார்” என்கிறார்கள். சர்வரை வாடகைக்கு விட்டவரும் அதையே எழுதுகிறார். இருவர் சொல்வதும் பொய்யில்லை. அவரவருக்குத் தெரிந்த தூரம் அவ்வளவு.

கூடியதும் குறைந்ததும் என்று கணக்கெழுதினால், கூடியது சின்ன விஷயமில்லை. எங்கள் எட்டுப் பேரும் ஒரே பேட்டை. சைக்கிள் போகும் தூரத்துக்கு அப்பால் எங்களுக்கு நண்பனில்லை. இவனுடைய ஐந்து பேரில் ஒருவன் கோவையில், ஒருவன் சிங்கப்பூரில், ஒருத்தி கனடாவில். மும்பையிலும் சென்னையிலும் தரவு மையங்கள் வந்ததால் பல ஆட்டங்களில் அவன் பிங் 30-க்குள் நிற்கிறது. எங்கள் வீட்டு மோடத்துக்கு அது கனவு. வழியில் எந்த இடத்தில் தாமதம் என்று ட்ரேஸ் போட்டுப் பார்க்கப் பதினாலு வயதில் அவனுக்குத் தெரியும். எங்களுக்கு அண்ணன் இருந்தார், நாங்கள் கற்றுக்கொள்ளவில்லை.

போனது அந்த அறை. தோற்றவன் எழுந்து நின்று திட்டுவதும், ஜெயித்தவன் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பதும் போயிற்று. அந்த மாடிப்படி இன்றும் இருக்கிறது; மேலே ஒரு செல்போன் உதிரிபாகக் கடை.

ஒன்று மட்டும் மாறவில்லை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் 2002-இல் போட்ட கேபிளின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 32 மில்லிசெகண்ட். 256 கேபிபிஎஸ் காலத்திலும் 32. 300 எம்பிபிஎஸ் வாங்கிய வீட்டுக்கும் அதே 32.