நாய்க்கும் ஓர் இடம் வேண்டும்

மைசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில் அமைந்த கோயில் நகரம் நஞ்சன்கூடு. ஆற்றங்கரைப் படித்துறை, நஞ்சுண்டேஸ்வரர் கோயிலின் முன்னுள்ள திறந்தவெளி, தேரோடும் வீதி, பேருந்து நிலையம், இரயில் நிலையம் என இவ்வூரின் பொது இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் நாட்டின் எல்லா ஊர்களையும் போலவே இங்கும் அவ்விடங்களை மனிதர்களோடு நாய்களும் பகிர்ந்துகொள்கின்றன.

வங்கிப் பணியில் இருக்கும் நமக்கும் இது புதிதன்று. கோடை நண்பகலில் ஏ.டி.எம். அறை வாசலின் குளிர்ச்சியை நாடி நாய் படுத்திருப்பதும், ஓய்வூதியம் எடுக்க வந்த முதியவர் உள்ளே செல்லத் தயங்கி நிற்பதும் எந்த ஊரிலும் காணக்கூடிய காட்சிகள். முதியவரின் அச்சம் நியாயமானது. நிழல் தேடி வந்த உயிரின் தேவையும் நியாயமானது. இவ்விரண்டுக்கும் இடமளிக்கும் ஏற்பாடு எது என்பதே இன்று நகரங்களின் முன்னுள்ள கேள்வி.

சட்டம் வகுத்த வழி

விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தன. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் பொறுப்பை அவை உள்ளாட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கின்றன. உணவளிக்கும் இடம் படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடுமிடம் ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு.

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் இந்த முறையை உறுதிசெய்தது. வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் திரும்ப விடப்படலாகாது என்றும், உணவளிக்க வார்டுதோறும் தனியிடம் ஒதுக்க வேண்டும் என்றும் ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பிறப்பித்த ஆணையில், கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெருநாய்களை அகற்ற வேண்டும் என்றும், அவற்றை மீண்டும் அங்கேயே விடக்கூடாது என்றும் கூறியது. ஆகவே, நாய்க்கென ஓரிடத்தை ஒதுக்குவது கருணைச் செயல் என்ற நிலையைக் கடந்து, சட்டக் கடமையாகியுள்ளது.

சென்னை தந்த பாடம்

சென்னை மாநகராட்சி பல பத்தாண்டுகள் நாய்களைப் பிடித்துக் கொன்றது; ஆயினும் அவற்றின் தொகை குறையவில்லை. காரணம் எளியது. ஓரிடத்து நாய்கள் அகற்றப்பட்டாலும் அங்குள்ள குப்பையும் உணவும் அப்படியே இருக்கும். புதிய நாய்கள் அவ்விடத்தை நிரப்பும். ஒரு பெண் நாயின் கர்ப்பகாலம் ஏறத்தாழ இரண்டு மாதங்களே. எனவே அவற்றின் பெருக்கம் நாமறிந்த கூட்டுவட்டியைப் போன்றது. அசலைக் கட்டுப்படுத்தாமல் வட்டியை மட்டும் அடைப்பதால் கடன் தீராது. 1959-இல் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு கருத்தடையே தீர்வு என்று தொடர்ந்து வலியுறுத்தியது. 1996-இல் மாநகராட்சி அதனை ஏற்றுக்கொண்டது. பின்னாளில் நாடெங்கும் அந்த முறையே விதியாயிற்று.

வளர்ப்பு நாய்களுக்கான பூங்கா

தெருநாய்க்குக் கருத்தடையும் உணவிடமும் தேவையெனில், வீட்டில் வளரும் நாய்க்கு ஓடியாட வெளி தேவை. அடுக்ககங்களில் நாள் முழுதும் அடைபட்ட நாய், பூங்காவில் அவிழ்த்து விடப்பட்டால் நடைப்பயிற்சிக்கு வருவோருக்கு அச்சமூட்டும். இதற்கு விடையாக 1979-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஓலோன் நாய்ப் பூங்கா தொடங்கப்பட்டது. 2018-இல் ஐதராபாத் மாநகராட்சி, குப்பை கொட்டப்பட்டு வந்த 1.3 ஏக்கர் நிலத்தைக் கொண்டாப்பூரில் சுமார் ரூ.1.1 கோடி செலவில் நாய்ப் பூங்காவாக மாற்றியது.

இத்தகைய பூங்காவின் வெற்றி அலங்காரத்தில் இல்லை. ஒன்று மூடிய பின்பே மற்றொன்று திறக்கும் இரட்டை வாயில், பெரிய நாய்க்கும் சிறிய நாய்க்கும் தனித்தனி வேலி, குடிநீர், கழிவை அள்ளும் ஏற்பாடு, தடுப்பூசிச் சான்று பார்த்தே அனுமதித்தல் ஆகியவையே அடிப்படை. கட்டுவது ஒருமுறைச் செலவு. பராமரிப்போ ஆண்டுதோறும் தொடர்வது. இரண்டாவதற்கு நிதி ஒதுக்காத பூங்கா விரைவில் பாழ்படும்.

நஞ்சன்கூட்டுக்குப் பொருந்துவது எது?

சிறு நகரத்திற்குக் கோடி ரூபாய்ப் பூங்கா முதல் தேவையன்று. முதலில் வேண்டியது கணக்கு. எத்தனை நாய்கள், எத்தனைக்குக் கருத்தடை, எத்தனைக்குத் தடுப்பூசி என்ற பதிவேடு இல்லாமல் எத்திட்டமும் நிலைக்காது. நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி போட்டால் வெறிநோயின் பரவல் தடைபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல்.

இரண்டாவது, எச்சில் இலை. அன்னதானமும் யாத்திரிகர் கூட்டமும் உள்ள ஊரில் உணவுக் கழிவு அன்றன்றே அகற்றப்பட்டால் படித்துறையில் நாய்கள் திரள வேண்டியிராது. மூன்றாவது, காலம். பங்குனியில் ஐந்து தேர்கள் ஓடும் பெருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பே தடுப்பூசி முகாம் நடத்தலாம். நான்காவது, இடம். இருக்கும் பூங்கா ஒன்றில் வேலியிட்ட ஒரு மூலையை அதிகாலையிலும் மாலையிலும் வளர்ப்பு நாய்களுக்கு ஒதுக்கினாலே போதும்.

நிதிக்கும் வழியுண்டு. 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் ஏழாம் அட்டவணை, சமூகப் பொறுப்பு நிதியைச் செலவிடத்தக்க பணிகளுள் விலங்கு நலனையும் சேர்த்துள்ளது. நஞ்சன்கூடு தொழிற்பேட்டை நிறுவனங்களை நகராட்சி அணுகலாம்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டுச் சான்றைப் பாதுகாக்க வேண்டும். பொது இடத்தில் கயிற்றை அவிழ்க்கலாகாது. கழிவை அள்ளும் பையை உடன் கொண்டு செல்ல வேண்டும். செல்லப்பிராணிக் காப்பீட்டுத் திட்டங்கள் சிலவற்றில் நாயால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கும் ஈடு உண்டு. நிபந்தனைகளைப் படித்துத் தேர்வு செய்க.

நாய் கடித்தால், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதனையும் பூசலாகாது. உடனே அரசு மருத்துவமனைக்குச் சென்று, மருத்துவர் குறிக்கும் நாட்களில் எல்லாத் தவணைகளையும் முடிக்க வேண்டும். காயத்தில் இரத்தம் கசிந்திருந்தால் இம்யூனோகுளோபுலின் மருந்தும் தேவைப்படும். கீறல்தானே என்று விடுவது உயிருக்கே ஆபத்து. அறிகுறி தோன்றிய பின் வெறிநோயிலிருந்து பிழைப்பது மிக அரிது. கர்நாடக அரசு 2022 டிசம்பரில் மனிதரில் காணும் வெறிநோயைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்ததன் நோக்கம், ஒரு நோயாளியும் கணக்கில் விடுபடக்கூடாது என்பதே.

பள்ளிக்குச் செல்லும் குழந்தை அச்சமின்றி நடக்கவும், வாயில்லா உயிர் கல்லடி படாமல் வாழவும் ஒரே ஏற்பாடு போதும்: தடுப்பூசி, தூய்மை, ஒதுக்கிய இடம், ஒழுங்கான பதிவேடு. இவற்றுள் தடுப்பூசியும் தூய்மையும் நம் ஒவ்வொருவர் வீட்டு வாசலிலேயே தொடங்கக்கூடியவை.