விற்பதா, குத்தகைக்கு விடுவதா? பெங்களூரு அசோக் ஹோட்டலும் 2031 கேள்வியும்

மர்பி டவுனில் ஆட்டோ பிடித்து, அல்சூர் ஏரியைத் தாண்டி குமார கிருபா சாலைக்குப் போனால் 'லலித் அசோக்' என்ற ஐந்து நட்சத்திர ஹோட்டலைப் பார்க்கலாம். நடத்துவது தனியார் நிறுவனம். அதனால் 'அரசு அதை எப்பவோ வித்தாச்சு' என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் விற்கவில்லை. 2001-இல் 30 ஆண்டுக் குத்தகைக்கு விட்டார்கள். கணக்குப்படி 2031-இல் அந்தக் காலம் முடிகிறது.

அதற்குப் பிறகு அது யார் கைக்குப் போகும்? இது ஒரு ஹோட்டலைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. ஊர் நடுவில் இருக்கும் பொதுச் சொத்தை என்ன செய்வது என்ற கேள்வி.

அரசு ஏன் ஹோட்டல் நடத்தியது?

சுதந்திரம் கிடைத்த புதிதில் வெளிநாட்டு விருந்தினர்களைத் தங்க வைக்கப் போதுமான பெரிய ஹோட்டல்கள் இல்லை. டெல்லியில் அசோக் ஹோட்டல் 1956-இல் திறக்கப்பட்டதே யுனெஸ்கோ மாநாட்டுக்காகத்தான். 1966-இல் இந்திய சுற்றுலா வளர்ச்சிக் கழகம் (ஐடிடிசி) உருவானது. தனியார் முதலீடு வரத் தயங்கிய ஊர்களிலும் ஹோட்டல் கட்டுவது அதன் வேலையாக இருந்தது.

1991-க்குப் பிறகு தனியார் ஹோட்டல்கள் பெருகின. அரசு ஹோட்டலில் பழுதான ஏசியை மாற்றக்கூட கோப்பு நகர வேண்டும். அறைகள் பழசாகின, விருந்தினர்கள் வேறு இடம் பார்த்தார்கள், சம்பளச் செலவு மட்டும் குறையவில்லை. நஷ்டம் வந்தது இப்படித்தான்.

2001-இல் என்ன செய்தார்கள்?

வாஜ்பாய் அரசு 2001, 2002 ஆண்டுகளில் ஐடிடிசியின் 18 ஹோட்டல்களை விற்றது. மதுரை அசோக்கும், மாமல்லபுரம் கடற்கரையில் இருந்த டெம்பிள் பே அசோக்கும் அப்படித்தான் கைமாறின. பெங்களூரு அசோக் மட்டும் நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. எடுத்தது பாரத் ஹோட்டல்ஸ் நிறுவனம்.

விற்பதில் என்ன சிக்கல்?

ஒரு முறை விற்றால் திரும்பி வராது. அதனால் விலைதான் எல்லாமே. மும்பை விமான நிலையம் அருகே இருந்த சென்டார் ஹோட்டலை 2002-இல் அரசு 83 கோடி ரூபாய்க்கு விற்றது. வாங்கியவர் சில மாதங்களிலேயே அதை 115 கோடிக்கு இன்னொருவருக்கு விற்றுவிட்டார். 'அந்த 32 கோடி யாருடைய பணம்?' என்று கேட்காதவர்கள் இல்லை.

அப்போ குத்தகைதான் நல்லதா?

சொத்து கையை விட்டுப் போகாது என்பது லாபம். ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. வாடகை வீட்டுக்குக் கடைசி வருஷம் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா? காலம் முடிய முடிய, பெரிய செலவு செய்ய குத்தகைதாரருக்கு ஆர்வம் குறையும். திருப்பித் தரும்போது கட்டடம் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தம் தெளிவாகச் சொல்லாவிட்டால் பழைய கட்டடமும் புதுச் செலவும்தான் அரசுக்கு மிஞ்சும்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மைசூருவில் 1921-இல் கட்டப்பட்ட லலித மஹால் அரண்மனையை ஐடிடிசி 1974 முதல் ஹோட்டலாக நடத்தியது. 2018-இல் அதைக் கர்நாடக அரசிடமே ஒப்படைத்தார்கள். சொத்து பொதுவிலேயே இருந்தது. ஆனால் பராமரிப்புச் செலவு எங்கும் போகவில்லை, டெல்லியின் தலைவலி பெங்களூருக்கு மாறியது.

ஒரு டாலருக்கு விற்ற பனிமலை

நியூசிலாந்தில் ருவாபெஹு மலையின் பனிச்சறுக்கு மையங்களை நடத்திய நிறுவனம் 2022-இல் நொடித்தது. அரசு பல கோடி டாலர் கொடுத்தும் நிமிரவில்லை. கடைசியில் அங்குள்ள டுரோவா மையம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வெறும் 1 டாலருக்குப் போனது. காரணம், மலை தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, நிலத்தை விற்க முடியாது. வாங்கியவருக்குக் கிடைத்தது இயந்திரங்களும் பொறுப்பும்தான்.

பெங்களூரு அசோக்கின் கதை இதற்கு நேர் எதிர். இங்கே கட்டடத்தை விட அது நிற்கும் இடத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஹோட்டல் வியாபாரத்தின் விலையை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும்.

முடிவே எடுக்காமல் விட்டால்?

அதற்கு உதாரணம் தேடி மர்பி டவுன்காரர்கள் தூரம் போக வேண்டாம். பையப்பனஹள்ளி என்ஜிஇஎஃப் தொழிற்சாலை 2002-இல் மூடப்பட்டது. அங்கே வேலை பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். நூறு ஏக்கருக்கு மேல் நிலம், காலியான கொட்டகைகள், இடையிடையே சினிமா ஷூட்டிங் என்று சுமார் 20 வருஷம் ஓடிப்போனது. அதன் பிறகுதான் மரப் பூங்கா திட்டம் வந்தது.

நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

2021-இல் மத்திய அரசு அறிவித்த சொத்துப் பணமாக்கல் திட்டத்தில் டெல்லி அசோக், புதுச்சேரி ஹோட்டல் உட்பட 8 ஐடிடிசி ஹோட்டல்கள் இருந்தன. விற்காமல், நீண்டகாலத்துக்குத் தனியாரிடம் கொடுத்து வருமானம் பார்ப்பதே அதன் அடிப்படை. ஆக, 'குத்தகை' என்ற சொல்லை இனி அடிக்கடி கேட்பீர்கள்.

கேட்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். எத்தனை ஆண்டு? வருமானம் ஏறினால் அரசின் பங்கும் ஏறுமா? பழுதுபார்ப்பு யார் செலவு? ஊழியர்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்பு? 2001 கால விற்பனைகளில் 'ஓராண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை' என்பதே வழக்கமான நிபந்தனை. நாற்பது வயதில் இருக்கும் ஒரு ரூம் பாய்க்கு ஓராண்டு எந்த மூலைக்கு?

அரசா தனியாரா என்ற சண்டை சூடாக இருக்கும். ஆனால் சொத்தின் தலையெழுத்தை முடிவு செய்வது ஒப்பந்தத்தில் இருக்கும் இந்த நான்கு பதில்கள்தான். 2031-க்கான ஒப்பந்தத்தை 2031-இல் உட்கார்ந்து எழுதினால் அவசரத்தில்தான் முடியும். கேள்வியை இப்போதே கேட்பது நல்லது.