நாலு தந்தி, வேறு கணக்கு

செல்லோ வாசித்தவர்கள் வயலின் கற்க வருவதற்கு இந்தியாவில் காரணங்கள் நிறைய. கைவசம் உள்ள வித்தை பாதி வழி துணைக்கு வருகிறது. மீதி வழியில் அதுவே குறுக்கே நிற்கிறது.

பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி. அதே இடுப்பு வளைவு, அதே எஃப் வடிவத் துளைகள், நாலு தந்தி, குதிரைவால் முடி கட்டிய ஒரு வில். அண்ணன் தரையில் ஊசி ஊன்றி இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிற்கிறான். தம்பி தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். பெரியதை வசப்படுத்தியவருக்குச் சின்னது ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர் நினைத்தால் தப்பில்லை. ஆனால் முதல் முறையாக வில்லைத் தொடும் பத்து வயதுப் பையனுக்கு இல்லாத ஒரு தொல்லை செல்லோக்காரருக்கு உண்டு. கற்க வேண்டியதோடு, மறக்க வேண்டியதும் அவருக்கு இருக்கிறது.

மேற்கத்திய நாடுகளில் இது பெரும்பாலும் ஆசைக்காகச் செய்யும் காரியம். இந்தியாவில் இதற்குப் பிழைப்பும் ஒரு காரணம். இங்கே செல்லோ வாசிப்பவர்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. வாத்தியத்தின் விலை வயலினைப் போலப் பல மடங்கு. தந்தி அறுந்தால் செலவு அதிகம். மழைக்காலத்து ஈரத்தில் பசை விட்டுப் பிளந்தால், சரி செய்யத் தெரிந்தவரைத் தேடி வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். மாலை ஆறு மணிக்கு மும்பை லோக்கல் ரயிலில் ஆள் உயரப் பெட்டியுடன் ஏற நினைப்பவருக்குத் தனி தைரியம் வேண்டும். விமானத்தில் போவதென்றால் வாத்தியத்துக்கும் ஒரு டிக்கெட். வயலினோ கையில் பிடித்தபடி பஸ்ஸில் ஏறக்கூடிய பொருள்.

சுருங்கிய சந்தை

செல்லோவுக்கு இந்தியாவில் நல்ல காலம் இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. மெஹ்லி மேத்தா 1935-ல் பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவையும், 1940-ல் பம்பாய் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டையும் தொடங்கினார். அதைவிடப் பெரிய வேலைவாய்ப்பைத் தந்தது சினிமா. 1950-களிலிருந்து மூன்று, நான்கு தசாப்தங்களுக்கு இந்திப் பட ரெக்கார்டிங் என்றால் ஒரு ஹால் நிறையத் தந்திவாத்தியக்காரர்கள். இவர்களில் கணிசமானவர்கள் கோவாவிலிருந்து வந்தவர்கள். போர்ச்சுகீசியர் காலத்துத் தேவாலயப் பள்ளிகளில் ஸ்வரக் குறிப்பு படிக்கக் கற்று, வயிற்றுப் பிழைப்புக்காகப் பம்பாய் ரயிலேறியவர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியம் தெரிந்திருப்பது அவர்களுக்குப் பெருமைக்குரிய விஷயமல்ல. அது கூடுதலாக ஒரு நாள் சம்பளம். ஆர்.டி. பர்மனின் உதவியாளர்களாகப் பெயர் பெற்ற 'பாசு - மனோகரி' ஜோடியில் பாசு, அதாவது பாசுதேவ் சக்ரவர்த்தி, ஒரு செல்லோ கலைஞர்.

சிந்தசைசரும் பிறகு கம்ப்யூட்டரும் வந்தபின் அந்த ஹால்கள் காலியாயின. முப்பது பேர் எழுப்பிய ஒலியை ஒருவர் விசைப்பலகையில் எழுப்பினார். 2006-ல் மும்பை என்.சி.பி.ஏ.வில் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா உருவானபோது, அதில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக் கலைஞர்கள். இந்தியர்கள் சிறுபான்மை. முழுநேர செல்லோ கலைஞராக இந்தியாவில் வாழ்க்கை நடத்துவது இன்றும் சில கைகளுக்கு மட்டுமே சாத்தியமாகியிருக்கிறது.

வயலினின் கதை வேறு. பாலுஸ்வாமி தீட்சிதர் (1786 - 1858) அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து ஸ்வாதித் திருநாளின் அவையில் வாசித்தார். இன்று பாட்டுக் கச்சேரி என்றால் பக்கத்தில் வயலின் இருந்தாக வேண்டும். வடக்கே வி.ஜி. ஜோக், டி.கே. தாதார், தமிழ்க் குடும்பத்திலிருந்து காசிக்குப் போன என். ராஜம் ஆகியோர் ஹிந்துஸ்தானியில் அதற்கு நிலையான இடம் பெற்றுத் தந்தார்கள். மேற்கத்திய இசை, கர்நாடகம், ஹிந்துஸ்தானி, சினிமா, திருமண மண்டபம், தேவாலயம் - எங்கும் கதவு திறக்கும் வாத்தியம் அது. செல்லோக்காரரின் கண் அதன்மீது விழுவதில் வியப்பில்லை.

விரல்கள் செய்யும் குழப்பம்

சிக்கல் முதல் ஸ்வரத்திலேயே ஆரம்பிக்கிறது. செல்லோவின் தந்திகள் மேற்கத்திய முறையில் சி, ஜி, டி, ஏ. வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, இ. இரண்டிலும் அடுத்தடுத்த தந்திகளுக்கு இடையே ஸட்ஜம் - பஞ்சமம் இடைவெளி. மூன்று தந்திகளுக்கு ஒரே பெயர். வயலினில் அவை ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கின்றன, அவ்வளவுதான். இது பெரிய வசதி போலத் தோன்றும். ஆனால் பழக்கப்பட்ட பெயரைக் கண்டதும் விரல்கள் பழக்கப்பட்ட இடத்துக்கே ஓடுகின்றன.

செல்லோவில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 69 செ.மீ. வயலினில் சுமார் 32.5 செ.மீ. பாதிக்கும் கொஞ்சம் குறைவு. ஆகவே விரல் கணக்கே மாறுகிறது. செல்லோவின் கீழ்ப் பகுதியில் ஒவ்வொரு விரலுக்கும் அரை ஸ்வரம்தான் எட்டும். வயலினில் ஒரு விரலுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு முழு ஸ்வரம் அடங்கிவிடும்.

சங்கராபரணத்தின் ச ரி க ம - வை எடுத்துக்கொள்வோம். செல்லோவில் விரல் வைக்காத தந்தி ஸட்ஜம். ஆள்காட்டி விரல் ரிஷபம். நடுவிரலைத் தாண்டி மோதிர விரல் காந்தாரம். சுண்டு விரல் மத்யமம். அடுத்த தந்தியில் ப த நி ச - வும் இதே வரிசைதான். வயலினில் ரிஷபத்துக்கு அதே ஆள்காட்டி விரல். ஆனால் காந்தாரம் நடுவிரலில், மத்யமம் மோதிர விரலில். பத்து வருடப் பழக்கத்தில் காந்தாரம் என்றால் மோதிர விரல் தானாக இறங்கும். வயலினில் அப்படி இறங்கினால் மத்யமம் கேட்கும். காது தவறு என்கிறது, கை சரி என்கிறது.

துல்லியமும் கூடுதலாகத் தேவை. செல்லோவில் விரல் வைக்காத தந்தியிலிருந்து முதல் அரை ஸ்வரத்துக்குத் தூரம் கிட்டத்தட்ட 4 செ.மீ. வயலினில் 2 செ.மீ.கூட இல்லை. செல்லோவில் 2 மி.மீ. நகர்வு சின்ன விஷயம். வயலினில் அதே நகர்வு அபஸ்வரம். அதுவும் இடது காதுக்கு ஒரு சாண் தூரத்தில்.

வலது கைக்கு வேறு தலைவலி. செல்லோவில் கனமான தந்திக்கு, அதாவது கீழ் ஸ்தாயிக்குப் போக முழங்கையைத் தாழ்த்த வேண்டும். வயலினில் அதே கீழ்த் தந்திக்கு முழங்கையை உயர்த்த வேண்டும். திசை நேர் எதிர். வேகமான பகுதியில் தந்தி மாறும்போது கை பழைய பக்கமே போய், வில் பக்கத்துத் தந்தியை உரசுகிறது.

வில்லும் ஒன்றல்ல. செல்லோ வில் சற்றுக் குட்டை, சுமார் 80 கிராம். வயலின் வில் கொஞ்சம் நீளம், சுமார் 60 கிராம். செல்லோவின் தடித்த தந்தி பேச ஆரம்பிக்கச் சற்று நேரம் எடுக்கும். கையின் எடையைப் பக்கவாட்டில் செலுத்திக் கேட்டால்தான் வாய் திறக்கும். வயலினில் வில் தந்தியின் மேலேயே உட்காருகிறது. பாதி வேலையைப் புவியீர்ப்பு செய்துவிடுகிறது. இங்கே சுண்டு விரலின் நுனி வில்லின்மேல் நின்று எடையைத் தாங்கித் தூக்க வேண்டும். செல்லோவில் அந்த விரலுக்கு இந்த வேலையே கிடையாது. பழைய பலத்தோடு அழுத்தினால் வயலின் கீச்சிடும். செல்லோவிலிருந்து வருபவர்கள் முதலில் செய்ய வேண்டியது அழுத்தத்தைக் குறைத்து, வில்லின் வேகத்தைக் கூட்டிப் பழகுவது.

கூடவே வருவது

இழப்புக் கணக்கு மட்டும் அல்ல. ஸ்ருதி சேர்க்கத் தெரிந்த காது, ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பழக்கம், தாளம் தப்பாமல் மற்றவரோடு சேர்ந்து போகும் நிதானம் - இவையெல்லாம் அப்படியே வந்துவிடும். செல்லோவில் மேல் ஸ்தாயிப் பகுதிகளை வயலினுக்குரிய ட்ரெபிள் க்ளெஃபில்தான் எழுதுவார்கள். எனவே படிப்பதும் முற்றிலும் புதிதல்ல. வில்லின் திசையை முன்கூட்டியே திட்டமிடுவது, ஒரு ஸ்வரத்தை அறுபடாமல் இழுத்துப் பாடவைப்பது ஆகியவற்றைப் புதிதாகச் சேர்பவருக்குச் சொல்லித்தர வருடங்கள் பிடிக்கும்.

உடம்புதான் மெதுவாக ஒத்துழைக்கும். செல்லோவில் இடது கை வாத்தியத்தைச் சுமப்பதில்லை. மேற்கத்திய வயலினில் தாடையும் தோளும் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது மணிக்கட்டு இதுவரை போகாத பக்கம் திரும்ப வேண்டும். முழங்கை வாத்தியத்தின் அடியில் நுழைய வேண்டும். நடுவயதில் தொடங்குபவருக்குக் கழுத்தும் தோளும் வலிக்கும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, நாளைக்கு மூன்று தடவை பதினைந்து நிமிடம் வாசிப்பது புத்திசாலித்தனம்.

இந்த இடத்தில்தான் இந்தியா ஒரு மாற்று வழியை வைத்திருக்கிறது. கர்நாடக வயலின் கலைஞர் தரையில் உட்கார்ந்து, வாத்தியத்தை மார்புக்கும் வலது பாதத்துக்கும் இடையே நிறுத்துகிறார். வாத்தியத்தின் பாரம் அங்கேயே முடிந்துவிடுகிறது. இடது கை தந்தியின்மேல் மேலும் கீழும் வழுக்கிப் போகச் சுதந்திரம் கிடைக்கிறது. கமகத்துக்கு வேண்டியதும் அதுதான். முழங்கால்களுக்கு இடையே நிறுத்தி வாசித்துப் பழகியவருக்கு, தோளில் தாங்குவதைவிட இந்த நிலை சுலபமாகப் பிடிபட வாய்ப்பு அதிகம். செல்லோவில் ஸ்தானம் விட்டு ஸ்தானம் தாவிப் பழகிய கைக்கு ஜாரு அந்நியமல்ல. ஆனால் ஸ்ருதி அமைப்பு இங்கே ச-ப-ச-ப. நடுவில் இரண்டு தந்திகளுக்கு இடையே பஞ்சமத்துக்குப் பதில் மத்யம இடைவெளி. பழைய வரைபடத்தை மறுபடியும் மடித்து வைக்க வேண்டியதுதான்.

செல்லோவையே மாற்றியவர்கள்

வயலினுக்குத் தாவாமல், செல்லோவையே இந்த மண்ணுக்கு வளைத்தவர்களும் உண்டு. ஹாலந்தில் பிறந்து தில்லியில் குடியேறிய சாஸ்கியா ராவ் - டி ஹாஸ், ஹரிபிரசாத் சௌராசியாவிடம் கற்றவர். தரையில் அமர்ந்து வாசிக்கும்படி அளவில் சிறிய ஒரு செல்லோவை உருவாக்கச் செய்தார். அதில் வாசிக்க 5 தந்திகள். கூடவே அதிர்ந்து ஒலிக்க 10 தந்திகள். வி.எஸ். நரசிம்மன் 1993-ல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டில் கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு அடித்தளம் போட்டது வி.ஆர். சேகரின் செல்லோ.

கமகம் இதில் உடலுழைப்பு. ஒரே தந்தியில் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்கு வயலினில் 16 செ.மீ. போனால் போதும், செல்லோவில் 34 செ.மீ.க்கு மேல் போக வேண்டும். ஒரு பிருகாவை அதே வேகத்தில் வாசிக்கக் கை இரண்டு மடங்கு ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் மந்திர ஸ்தாயியில் ஆண் குரலின் ஆழத்தை வில்லால் தொட இதைவிட்டால் வேறு வாத்தியம் சொல்வது கடினம்.

நான்காவது நாற்காலி

இன்றைய கேள்வி குழந்தைகளைப் பற்றியது. கலிம்போங்கில் கனடா நாட்டு ஏசுசபைப் பாதிரியார் எட்வர்ட் மெக்வயர் 1993-ல் தொடங்கிய காந்தி ஆசிரமப் பள்ளி, கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளின் கையில் வயலினைக் கொடுத்தது. கோவாவில் மருத்துவர் லூயிஸ் டயஸ் 2009-ல் தொடங்கிய சைல்ட்ஸ் ப்ளே இந்தியா, வசதியற்ற பிள்ளைகளுக்கு வயலினோடு செல்லோவும் கற்பிக்கிறது. கொல்கத்தாவின் பெஹாலாவில் ஆக்ஸ்ஃபோர்டு மிஷன் பாதிரியார் தியோடர் மாத்தீசனிடம் கற்ற ஏழைப் பையன்களில் ஒருவரான அனூப் குமார் பிஸ்வாஸ், லண்டனில் செல்லோ கலைஞராகப் பெயர் பெற்றார். பிறகு அதே நகரத்துப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியும் தொடங்கினார்.

இப்படிப்பட்ட இடங்களில் செல்லோ கற்கும் பிள்ளை பதினாறு வயதில் கணக்குப் போடத் தொடங்குகிறது. வயலின் தெரிந்தால் டியூஷன் எடுக்கலாம், கல்யாணத்தில் வாசிக்கலாம், ரெக்கார்டிங்குக்குப் போகலாம். செல்லோ தெரிந்தால்? வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடச் சொந்த வாத்தியம் இருக்காது; பள்ளியை விட்டுப் போகும் நாளில் அதையும் விட்டுப் போக வேண்டும். அந்தப் பிள்ளை வயலினுக்கு மாறுவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ சேர்ந்தால்தான் குவார்ட்டெட். வயலின் வாசிக்க ஆள் கிடைக்கும் ஊர்களில்கூட நான்காவது நாற்காலி பல நேரம் காலியாக இருக்கிறது. செல்லோக்காரர் ஒருவர் முழுதாக வயலினுக்குப் போய்விட்டால் மற்ற மூவரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயலினையும் கற்று செல்லோவையும் விடாமல் வைத்திருப்பவரோ பகலில் இருபது பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித்தந்து, மாலையில் அந்த நாற்காலியில் உட்கார முடியும். இரண்டு கணக்கும் தெரிந்த ஆசிரியரால்தான், அடுத்த பிள்ளையின் மோதிர விரல் ஏன் தப்பான இடத்தில் இறங்குகிறது என்பதையும் பார்த்தவுடன் சொல்ல முடியும்.

பள்ளிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. செல்லோ பிள்ளைக்கு வயலின் கற்பிக்கட்டும்; அதோடு படிப்பு முடிந்தபிறகும் செல்லோவை இரவல் தரட்டும். வில்லை எந்தப் பக்கம் உயர்த்துவது என்ற குழப்பம் ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். கைக்கு வாத்தியம் இல்லாத குறை தானாகத் தீராது.