ஷீட்டில் பூத்ததும் சுவரில் பூப்பதும்

ரப்பர் வணிகத்தில் 'பச்சைப் புத்தகம்' என்று ஒரு விதிநூல் உண்டு. எந்த ஷீட் முதல் தரம், எது ஐந்தாம் தரம் என்று பிரித்துச் சொல்வது அதுதான். அதில் பூசணம் திரும்பத் திரும்ப வரும். உச்சத் தரமான 1எக்ஸ் கட்டின் மேலுறையில், காய்ந்த பூசணத்தின் மிக மெல்லிய தடம் இருக்கலாம். உள்ளே இறங்கியிருக்கக் கூடாது. இரண்டாம் தரத்தில், சோதித்துப் பார்த்த கட்டுகளில் 5 சதவீதத்துக்கு மேல் பூசணம் தெளிவாகத் தெரிந்தால் வாங்குபவர் ஆட்சேபிக்கலாம். மூன்றாம் தரத்துக்கு 10, நான்காம் தரத்துக்கு 20, ஐந்தாம் தரத்துக்கு 30. லண்டன் வரை கப்பலேறிப் போன சரக்கின் விலையை ஒரு சாம்பல் நிறப் பொட்டு இறக்கிவிட முடிந்தது.

மலேசியாவின் பேரா மாநிலத் தோட்டங்களில் அந்தப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்திராதவர்களுக்கும் இந்தப் பகையாளியைத் தெரியும். 1877-ல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ ஒன்பது ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. பின்னர் சுங்கை சிப்புட், தாப்பா, பத்து காஜா வட்டாரமெல்லாம் பால்மரக் காடானபோது, வெட்டிய பாலை ஷீட்டாக்கிப் பூசணம் பிடிக்காமல் கப்பலேற்றுவது அன்றாட வேலையாயிற்று. ஷீட்டைப் புகையிட்டு உலர்த்தும் ஸ்மோக் ஹவுஸில் நின்றவர்கள் யாரும் நுண்ணுயிரியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் செய்த ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் நல்ல நுண்ணுயிரியல் இருந்தது. இன்று தாமான் வீட்டுச் சுவரில் கறுப்புப் பொட்டுகளைப் பார்த்துக் கையைப் பிசைகிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

பூசணம் ரப்பரைத் தின்ன வருவதில்லை. மரத்திலிருந்து இறங்கும் பாலில் ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். அதில் கரைந்து ஓரிரு சதவீதம் புரதமும் சர்க்கரை வகைகளும் இருக்கும். உறைந்த ஷீட்டில் அந்தச் சாறு கொஞ்சம் தங்கிவிட்டால் அதுவே விருந்து. வீட்டிலும் அப்படித்தான். சிமெண்டில் பூசணத்துக்குச் சத்து எதுவும் கிடையாது. சிமெண்டின் மேல் படிந்த தூசி, சாயத்தில் உள்ள பசை, சமையல் எண்ணெய்ப் படலம், சிப்போர்டு அலமாரியின் மரத்தூள், திருமண ஆல்பத்தின் அட்டை, காலணியின் தோல் ஆகியவற்றைத்தான் அது தேடுகிறது.

அது தின்னும் முறைதான் விந்தையானது. பூசணத்துக்கு வாயும் இல்லை, வயிறும் இல்லை. நூலைவிட மெல்லிய இழைகளாக அது பரவும். இழையின் நுனியிலிருந்து செரிமான நொதிகளை வெளியே கசியவிடும். உணவு வெளியிலேயே செரித்துக் கரைகிறது. கரைந்ததை இழை உறிஞ்சிக்கொள்கிறது. நொதி வெளியே போகவும், கரைந்த உணவு உள்ளே வரவும் நீர்ப்படலம் ஒன்று வேண்டும். அந்தப் படலம் இல்லையென்றால், சோற்று மலையின் மேல் உட்கார்ந்திருந்தாலும் பூசணம் பட்டினிதான். அதன் வித்துகள் காற்றில் எங்கும் மிதக்கின்றன. அவற்றை ஒழிக்க யாராலும் முடியாது. உணவை ஓரளவு குறைக்கலாம். உண்மையில் நம் கைக்கு அடங்குவது தண்ணீர் ஒன்றுதான்.

இதை மனத்தில் வைத்து ஸ்மோக் ஹவுஸ் வேலையைப் பாருங்கள். பாலில் தண்ணீர் கலந்து, அமிலம் விட்டு உறையவைத்து, உருளைகளில் கொடுத்து மூன்று மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டையாக்குவார்கள். கடைசி உருளை ஷீட்டில் வரிவரியாகப் பள்ளம் பதிக்கும். பார்க்க அழகுக்குச் செய்தது போலத் தோன்றும். காற்றுப் படும் பரப்பு கூடி ஷீட் சீக்கிரம் காயவும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும்தான் அந்த வரி. பிறகு ஓடும் தண்ணீரில் அலசுவார்கள்: பூசணத்தின் சாப்பாடு கழுவிப்போகிறது. நிழலில் தொங்கவிட்டுச் சொட்ட வைப்பார்கள். அதன் பிறகே புகை. சுமார் நான்கு நாள், 40-லிருந்து 60 டிகிரி வரை படிப்படியாகச் சூடு. முதல் நாள் கூரையின் காற்றுத் திறப்புகளை நன்றாகத் திறந்து வைக்க வேண்டும். ஷீட்டிலிருந்து கிளம்பும் ஈரம் வெளியே போகாவிட்டால், எவ்வளவு விறகு எரித்தும் ஷீட் அந்த ஈரத்திலேயே வேகும். விறகுப் புகையிலுள்ள ஃபீனால் வகைச் சேர்மங்கள் ஷீட்டின் மேல் படிந்து பூசணத்தைத் தள்ளி வைப்பது உண்மைதான். ஆனால் அது கடைசிக் காவல். அலசாத, காயாத ஷீட்டை எந்தப் புகையும் காப்பாற்றியதில்லை.

1965-ல் மலேசியா தரக்குறியிட்ட கட்டி ரப்பர் முறையைக் கொண்டுவந்தது. ஷீட்டின் இடம் சுருங்கத் தொடங்கியது. பிறகு செம்பனை வந்தது, வீடமைப்பு நிறுவனங்கள் வந்தன, தோட்டங்கள் துண்டாயின. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் ஈப்போவின் புந்தோங்குக்கும் புறநகர்த் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். லயத்து வீட்டைப் பொற்காலமாக்க எனக்கு விருப்பமில்லை. கூரை ஒழுகியது, விறகடுப்புப் புகை பெண்களின் நுரையீரலைத் தின்றது. ஆனால் பலகைக்கும் பலகைக்கும் நடுவே காற்று தடையில்லாமல் ஓடியது, நனைந்தது அன்றைக்கே காய்ந்தது. தாமானின் வரிசை வீட்டுக்கு இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். கணவனும் மனைவியும் காலையில் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வேலைக்குப் போனால், குளியலறையின் ஈரமும் உள்ளே உலர்த்திய துணியின் ஈரமும் மாலை வரை வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

இதோடு ஏர்கோன் சேர்ந்துகொண்டது. இங்கேதான் குளிர்நாட்டுப் புத்தகங்கள் நம்மைத் தவறான வழியில் கொண்டுபோகின்றன. அங்கே வீட்டுக்கு உள்ளே சூடு, வெளியே குளிர். ஆகவே ஈரம் உட்சுவரில் படியும், ஜன்னலைத் திறந்தால் வறண்ட காற்று வந்து உலர்த்தும். ஈப்போவில் எல்லாம் தலைகீழ். 30 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்று ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். அந்தக் காற்று ஒவ்வொரு கனமீட்டரிலும் சுமார் 24 கிராம் நீராவியைச் சுமக்கிறது. 30 கனமீட்டர் அளவுள்ள ஒரு படுக்கையறையில் ஏறத்தாழ முக்கால் லிட்டர் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கிறது என்று பொருள். இந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே துளி கட்டத் தொடங்கும். ஏர்கோனை நாம் 20-ல் வைக்கிறோம். ஐஸ் மைலோ கிளாஸின் வெளிப்புறம் நனைவது போல, குளிர்ந்த அறையின் வெளிமுகம் நனைகிறது: அறைக்குப் பின்னாலுள்ள சுவர், மேலுள்ள சிலிங் பலகை, அடுத்த அறையில் அந்தச் சுவரோடு ஒட்டி வைத்த அலமாரியின் முதுகு.

துளி தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு பரப்பை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் பல நாள் நிலைத்தால் பல பூசணங்களுக்கு அதுவே போதும். மேலே சொன்ன காற்றில், இரண்டே டிகிரி குளிர்ந்த சுவரையொட்டி ஈரப்பதம் 90 சதவீதம் ஆகிவிடும். அடுத்த வீட்டுக்காரரின் ஏர்கோன்கூட உங்கள் சுவரை நனைக்கலாம். கூடத்தின் நடுவே தொங்கும் ஈரப்பதமானி என்ன எண்ணைக் காட்டினாலும், அலமாரியின் பின்னால் இருப்பது வேறொரு பருவநிலை.

ஆகவே முதல் மருந்து கடையில் இல்லை. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஏர்கோனை 25-ஐ ஒட்டி வையுங்கள், அது ஓடும்போது ஜன்னலையும் கதவையும் மூடிவிடுங்கள். வெளிக்காற்று உள்ளே வந்தால் தண்ணீரோடுதான் வரும். ஏர்கோன் இல்லாத அறையில் இதற்கு நேர்மாறு: காற்று ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகட்டும், விசிறி சுழலட்டும். மழை ஓய்ந்த உடனே கூரையையும் ஓட்டுச் சந்துகளையும் ஒரு தடவை பாருங்கள். ஒழுகி நனைந்த எதையும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூசணம் வேர்பிடிக்க நேரம் கிடைப்பதில்லை.

சுவரில் வெள்ளையாகப் பூத்திருப்பதெல்லாம் பூசணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டப்பட்டவை. தரை ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், சுண்ணாம்பு வழியாக வெளியே ஆவியாகும். புதுப்பிக்கிறோம் என்று அதன் மேல் சிமெண்டும் நீர்புகாச் சாயமும் பூசும்போது வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, சாயம் கொப்பளித்து, கரைந்த உப்பு வெள்ளைப் பொடியாகப் பூக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் உப்பு. கரையாமல் நனைந்து படுத்துக்கொண்டால் பூசணம். உப்பென்றாலும் நிம்மதியடைய வேண்டாம். சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அது எழுத்துமூலச் சாட்சி.

இனி, ஏற்கெனவே பிடித்துவிட்ட பூசணம். பலர் முதலில் எடுப்பது குளோராக்ஸ் வெளுப்பான் புட்டியை. வெள்ளையாகிவிடுவதால் வேலை முடிந்தது போலத் தெரியும். அந்த நீர்மத்தில் பெரும்பகுதி தண்ணீரே. துளையுள்ள சுவரிலும் மரத்திலும் வெளுக்கும் சத்து மேலாகவே செலவாகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். செத்த பூசணமும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதுதான் முக்கியம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைகூட வழக்கமான பூசண வேலைக்குக் குளோரின் வெளுப்பானைப் பரிந்துரைப்பதில்லை. டைல், கண்ணாடி, சாயம் பூசிய கெட்டியான சுவர் என்றால் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். தேய்த்து, துடைத்து, நன்றாக உலர்த்த வேண்டும். உலர்ந்த பூசணத்தை விளக்குமாற்றால் தட்டாதீர்கள். ஒரு தட்டுக்கு லட்சக்கணக்கான வித்துகள் கிளம்பி அடுத்த அறைக்குப் போகும். முதலில் நனைத்துவிட்டுத் தேயுங்கள். கையுறையும் என்95 முகக்கவசமும் அவசியம். ஆஸ்துமா உள்ளவரையும் குழந்தைகளையும் அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மிகுந்த பரப்பு என்றால் ஆள் வைத்துச் செய்வது நல்லது. ஊறிப்போன மெத்தை, உப்பிய சிப்போர்டு, கறுத்த சிலிங் பலகை ஆகியவற்றைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். இழை உள்ளே ஓடியிருக்கும்.

வெளுப்பானைப் பயன்படுத்தியே தீருவேன் என்பவருக்கு ஒரே எச்சரிக்கை: அதைத் தனியாகப் பயன்படுத்துங்கள். வினிகரோ கழிவறை அமிலமோ அதனுடன் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியப் போர்க்களத்தில் சிப்பாய்களின் மேல் திறந்துவிட்டது அதே வாயுவைத்தான். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானோடு சேர்ந்தால் குளோரமின். காற்றோட்டமில்லாத குளியலறையில் இரண்டும் உயிருக்கு ஆபத்து.

ஸ்மோக் ஹவுஸ் கதையைக் கேட்டுவிட்டுச் சாம்பிராணி போடலாமே என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான்கு நாள் சூடும் காற்றும் செய்த வேலையைப் பத்து நிமிட நறும்புகை செய்யாது. பூசணம் பிடித்த அறையில் ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்கு அது கூடுதல் சுமை. பாச்சை உருண்டையும் பூச்சிக்குத்தான், பூசணத்துக்கு அல்ல.

ஆபத்து எவ்வளவு? கறுப்பாக இருந்தால் கொடிய நஞ்சு என்ற பேச்சு 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் ரத்தம் கசிந்தபோது பரவியது. 2000-ல் அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆதாரங்களை மறுபடி அலசி, பூசணம்தான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது. நிறத்தை வைத்துப் பயப்படவோ தைரியப்படவோ வழியில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட வழிகாட்டி நிதானமானது: ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் மூச்சுக்கோளாறுகளும் கூடுகின்றன, இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எண் சொல்ல முடியாது, ஈரத்தைத் தடுப்பதே வழி. மலேசியாவின் 2010-ஆம் ஆண்டு உட்காற்றுத் தர நெறிமுறை, பணியிடங்களுக்கு 40 முதல் 70 சதவீத ஈரப்பதத்தையும் கனமீட்டருக்கு 1000 என்ற பூசணக் கணக்கையும் எல்லையாக வைத்தது. வீடுகளை யாரும் அளப்பதில்லை. இங்கிலாந்தின் ரோச்டேலில் ஒரு வாடகை வீட்டில், பூசணத்தின் மேல் சாயம் அடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு குடும்பத்துக்குப் பதில் சொன்னார்கள். 2020-ல் அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. பூசணமே காரணம் என்று 2022-ல் மரண விசாரணை சொன்னது. அடுத்த ஆண்டு அங்கே சட்டமே மாறியது.

பேராவுக்கும் ஒரு துயரம் உண்டு, ஆனால் அது சுவரிலிருந்து வந்ததல்ல. 1988 அக்டோபரில், பத்தே நாள்களுக்குள், இம்மாநிலத்தில் 13 சீனக் குழந்தைகள் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது 'லோ சீ ஃபன்' என்ற அரிசி நூடுல்ஸ். உடற்கூறு மாதிரிகளில் அஃப்ளடாக்சின் இருந்தது. சிலவகை ஆஸ்பெர்கில்லஸ் பூசணங்கள் உண்டாக்கும் நஞ்சு அது. சமையல் சூட்டுக்கு அது அழியாது. பூசணத்தைக் கழுவிவிட்டாலும் நஞ்சு உணவுக்குள்ளேயே இருக்கும். இங்கேயும் தொடக்கம் ஈரம்தான்: நன்றாகக் காயாமல் மூட்டை கட்டிய கடலை, சோளம், அரிசி. புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடைக்காரர்கள் வறுத்த கடலையைக் காற்றுப் புகாத டின்னில் வைப்பதும், சுருங்கி நிறம் மாறியதைப் பொறுக்கி எறிவதும் வெறும் வியாபாரச் சுத்தம் அல்ல. ரொட்டியில் ஒரு மூலை பச்சையாக இருந்தால் அந்த மூலையைக் கிள்ளிவிட்டு மீதியைத் தின்னாதீர்கள், இழை மென்மையான பகுதி முழுக்க ஓடியிருக்கலாம். கடலை வாயில் கசந்தால் துப்பிவிட்டு, அந்தப் பொட்டலத்தையும் குப்பையில் போடுங்கள். கோழிக்குப் போடவும் வேண்டாம்.